கொண்டைக்கடலைச் சாட்சி

மத்தியதரைக் கடலுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால்: பிஸெர்த் நகரப் பாய்மரச் சங்கத் தலைவர் ஷெத்லி, இளைஞர் அணியின் சனி ஞாயிறு பயிற்சி முகாமை நேரில் மேற்பார்வையிடுகிறார், அலைகள் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும்.

அலைகள் அறிவிப்பைப் படிக்கவில்லை. ஞாயிறு காலை வடமேற்குக் காற்று கொடிக்கம்பத்தையே வளைத்தது. கொண்டைக்கடலையும் மிளகாய் விழுதும் எண்ணெயும் மிதக்கும் லப்லாபி ஒரு பெரிய கிண்ணம் முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, ஷெத்லி பிள்ளைகளுக்கு உபதேசம் செய்தார்.

"கடல்ல ஒருத்தன் ஆபத்துல இருந்தா, பந்தயத்தை விட்டுட்டுப் போய்க் காப்பாத்தணும். அதனால பந்தயத்துல இழந்த இடத்தை நடுவர் குழு திருப்பிக் கொடுக்கும். அது விதி. அதுதான் நம்ம மானம்."

மானம் என்றபோது பல்லிடுக்கில் ஒரு கடலைத் தோல் ஆடியது. பதினாறு வயது குஃப்ரான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விதி மட்டும் காதில் நின்றது.

மார்செய் போட்டிக்கு ஒரே ஓர் இடம். அவளுக்கும் தலைவரின் அக்கா மகன் இயெத்துக்கும் சமப் புள்ளி. கடைசிப் பந்தயத்தில் முந்துபவருக்கு விமானச் சீட்டு.

அந்தப் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் அவள்தான் முன்னால். பயிற்சியாளர் ரவூஃப் தூரத்தில் கவிழ்ந்த பிள்ளைகளை வாரிக்கொண்டிருந்தார். ஓட்டுநரைக் கரையில் இறக்கிவிட்டு, தானே மோட்டார் படகை ஓட்டிவந்த ஷெத்லி, புகைப்படத்துக்காகப் பந்தய எல்லை மிதவையை ஒட்டித் திரும்பினார். மிதவையின் கயிறு சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டது. இயந்திரம் நின்றது. படகு அலைதடுப்புப் பாறைகளை நோக்கி நகர ஆரம்பித்தது.

"பொண்ணே, இங்க வா! செத்துருவேன்!"

குஃப்ரான் பாயைத் திருப்பினாள். பின்னால் வந்த இயெத் வேகத்தைக் குறைக்கவில்லை.

"மாமாவைப் பத்திரமா கூட்டிட்டுப் போ," என்று சொல்லிக் கடந்துபோனான்.

அவள் தன் படகை அருகே கொண்டுவந்ததும் ஷெத்லி மூட்டைபோல் அதற்குள் உருண்டார். அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு காலையில் சாப்பிட்ட லப்லாபி வெளியே வந்தது. பாதி கூட மென்றிருக்கவில்லை. அந்தச் சூடு அவள் கணுக்காலில் வழிந்தது. கரை சேரும்வரை அவள் வாயால் மூச்சு விட்டாள்.

பந்தயத்தில் இழந்த இடத்தைக் கேட்டு மாலையில் எழுதிக் கொடுத்தாள். நடுவர் குழுவின் தலைவர், வேறு யார், ஷெத்லிதான். சட்டை மாற்றி, அத்தர் பூசியிருந்தார்.

"யாரம்மா ஆபத்துல இருந்தது?"

"நீங்கதான் ஐயா. செத்துருவேன்னு கத்துனீங்க."

"நானா? நீரோட்டத்தை ஆராய்ஞ்சுட்டிருந்தேன். நாப்பது வருஷமா கடல்ல இருக்கிறவன்."

"என் படகுல வாந்தி எடுத்தீங்களே."

"அலை என்னத்தையாவது கொண்டுவந்து போட்டிருக்கும்."

"கொண்டைக்கடலையையா ஐயா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ரவூஃப் தன் பேனா மூடியைத் திறந்து மூடினார். "விடும்மா. தலைவருக்கே ஆபத்துன்னு பதிவேட்டுல எழுதுனா நாளைக்குச் சங்கத்தை யார் மதிப்பா?"

எழுதினார்கள்: அன்று கடலில் யாரும் ஆபத்தில் இல்லை. கோரிக்கை தள்ளுபடி. மார்செய்க்கு இயெத்.

அவள் படகைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஷெத்லி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"என் பொய்ப்பல் கிடைச்சா எடுத்து வை," என்றார்.