அக்கா எடுத்துப்போன பழைய ஷவர்

எனக்கு இருமல் வந்ததில் எங்கள் ஊர் மஹய்யாவயில் யாருக்கும் வருத்தமில்லை, பயம்தான். பல வருடங்களுக்கு முன் எனக்கு டீபி வந்து குணமானது எல்லோருக்கும் தெரியும். "மறுபடி தொடங்கிருச்சு" என்று முடிவுகட்டிய முதல் ஆள், பக்கத்து வீட்டிலிருக்கும் என் சொந்த அக்கா ராக்கம்மாதான். தினமும் சாயங்காலம் வந்து, என் மனைவி வேலாயியின் தேத்தண்ணியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு கிளாஸ் குடிப்பவள், வாசலோடு நின்றுவிட்டாள். ஊர் ஒதுக்கினால் ஒதுக்கட்டும். அக்காவின் கதிரை காலியாகக் கிடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸனா வேறு கதை சொன்னார். "ஐயா, இது டீபி இல்ல. அதுக்குச் சொந்தக்காரக் கிருமி. தண்ணியில, மண்ணுல இருக்கும். பழைய தழும்பு உள்ள நுரையீரலாப் பார்த்துக் குடியேறும். ஆள்கிட்ட இருந்து ஆளுக்கு இது தொத்துறதில்ல."

கண்டிப் பக்கம் இது யார் யாருக்கு வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆராய்கிறாராம். அக்கா வாசலோடு நின்றுவிட்டதை நான் சொன்னதும், எங்கள் ஷவரைச் சுரண்டிப் பரிசோதிக்க வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். "கிருமி அதுல இருந்தா, உங்க அக்காவுக்கு நானே விளங்கப்படுத்துறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனார். போன வேகத்தில் திரும்பினார். ஷவர் கல்யாணப் பெண் மாதிரி மின்னியது.

"டாக்டரம்மா வர்றாங்க, பாசி புடிச்சதையா காட்டுறது?" என்றாள் வேலாயி. "நேத்தே புதுசு மாட்டிட்டேன்." விருந்தாளி வந்தால் கூரையையே கழுவும் வம்சம் அவளுடையது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"பழசு எங்க?"

"வாசல்ல இருக்குற குப்பை வாளியில போட்டேன். ஒங்க அக்கா எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. பித்தளைய வீசக்கூடாதாம்."

என் வீட்டுத் தேத்தண்ணி ஆகாது, என் ஷவர் மட்டும் ஆகுமா! வந்த கோபத்தில் இருமலே நின்றுவிட்டது.

அக்காவின் குளியலறையில் அது சொட்டிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் அதில் தலைமுழுகியிருக்கிறாள். டாக்டர் அதைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த வழுவழுப்பைப் பஞ்சில் வழித்தெடுத்துப் போனார்.

சில வாரங்கள் கழித்து, சொன்னபடியே அவர் அக்காவிடம் வந்தார். என் சளியிலும் அந்த ஷவரிலும் ஒரே கிருமிதான்.

"ஐயோ, அப்ப எனக்கு?" அக்காவின் முகம் செத்துவிட்டது.

"உங்க நுரையீரல் நல்லா இருக்கு, பயப்பட வேணாம். அந்த ஷவரை வீசிடுங்க. தம்பியை வீச வேணாம்."

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பாதி குடித்து வைத்திருந்த கிளாஸை எடுத்து மீதியைக் குடித்தாள்.

"சீனி பத்தல," என்றாள் வேலாயியிடம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அதைக் கவனிக்காதவள் போல எங்கள் குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, அந்தப் புதுசக் கழட்டி வை. போறப்ப எடுத்துக்கிட்டுப் போறேன்."