எட்டாம் நம்பர் செருப்பு

ஜோதிமணிக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. கடைக்காரர் நாலு புடவையை விரித்துப் போட்டுவிட்டால் போதும், பாவம் இவ்வளவு சிரமப்பட்டாரே என்று பிடிக்காத ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் கணவன் சந்திரன் நேர் எதிர். எலெக்ட்ரிக் வேலை செய்கிறவன். தேவராஜ மார்க்கெட்டில் ஒரு சீப்புப் பழம் வாங்க அரைமணி நேரம் பேசுவான். பேசாமல் வாங்கினால் பழம் இனிக்காது அவனுக்கு.

செருப்புக் கடை என்றாலே ஜோதிமணி தள்ளிப்போடுவாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நாளெல்லாம் நின்று செய்யும் வேலை. அவளுக்குப் பெரிய பாதம். "லேடீஸ்ல எட்டு இருக்கா பாரு" என்று கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் அவள் காலைப் பார்ப்பார்கள். ஏழே போதும் என்று வாங்கி வந்து, வருஷம் முழுக்க விரலை மடக்கிக்கொண்டே நடப்பாள்.

தொண்ணூற்றொன்பதில் அவர்கள் தெருமுனையில் வைஷாலி என்றொரு பெண் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தாள். வயரிங் சந்திரனுடையது. அவனைத் தேடிப் போன ஜோதிமணியை ஒருநாள் வைஷாலி உட்காரவைத்து, பெங்களூர்க் கடை ஒன்று திரையிலேயே செருப்பு விற்பதைக் காட்டினாள்.

ஜோதிமணி ஒன்றைத் தேர்ந்தாள், நீக்கினாள், இன்னொன்றைத் தேர்ந்தாள், அதையும் நீக்கினாள். முகம் சுளிக்க அங்கே ஆளில்லை. எட்டு என்ற எண்ணை அமுக்கினாள். யாரும் கத்தவில்லை.

"இதுல யாருகிட்ட பேரம் பேசறது?" என்றான் சந்திரன்.

"அதனாலதாங்க எனக்குப் புடிச்சிருக்குது."

பத்து நாளில் பார்சல் வந்தது. தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பிரித்தால், உள்ளே ஏழு.

"இருந்துட்டுப் போவுதுங்க. பாவம், ஏதோ கைமறதி."

"கண்ணுல பாக்காத ஆளுக்குமா பாவம் பாப்ப?" என்று அவளை வைஷாலியின் கடைக்கே கூட்டிப்போய், அங்கிருந்த எஸ்டிடி போனில் பெங்களூருக்கு அடித்தான் சந்திரன்.

எடுத்தவருக்குக் கொள்ளேகால் பக்கம். சந்திரனுக்கோ அதை அடுத்த ராமாபுரம். பேச்சு மழைக்குப் போயிற்று, மஞ்சள் விலைக்குப் போயிற்று, அவர் மகளுக்கு வரன் அமைந்த கதைக்கும் போயிற்று. கடைசியில் சந்திரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"எட்டு வர மாசமாவுமாம். பதிலுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் தர்றேங்கறார். நல்ல மனுசன் ஜோதி. எப்படி மறுக்கறது?"

ஜோதிமணி அவனையே பார்த்தாள். பேசிப் பேசி அந்த ஆள் இவனுக்கு வேண்டியவராகிவிட்டார். அவளுக்கோ அவர் இன்னும் முகமில்லாத ஆள்தான். போனை வாங்கினாள்.

"பேடா சார்," என்றாள் கன்னடத்தில். கடிகாரம் வேண்டாம், எட்டாம் நம்பர் செருப்புதான் வேண்டும், மாதமானாலும் காத்திருக்கிறேன் என்றாள். மறுமுனையில் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. சரி, கடிகாரமே அனுப்புங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆய்து மேடம்," என்றார் அவர். ஆகட்டுமாம்.

ஐந்து வாரம் கழித்துச் செருப்பு வந்தது. ஜோதிமணி வாசல்படியிலேயே உட்கார்ந்து காலை நுழைத்து, பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள். பெட்டிக்குள் சந்திரன் பெயருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருந்தது. அவன் இதற்குள் அந்த மனிதருக்கு நாலுமுறை போன் போட்டிருந்தான்.

தை மாதம் இருவரும் கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினார்கள்.