பதினான்கு கிளைகள்

மழை விட்டிருந்த செவ்வாய்க்கிழமை மதியம், ராயபுரத்தில் ஜானட்டின் கடைக்குள் ஒரு பெண் வந்து நின்றாள். பாதமெல்லாம் சேறு.

"ஜானட்டுன்றது யாரு?"

"நான்தாம்மா. உக்காரு. வூட்ல யாருக்கு இன்னா ஆச்சு?"

இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீஸர் பெட்டியை வாடகைக்கு விடும் கடை அது. வருகிறவர்களிடம் ஜானட் முதலில் கேட்பது இதைத்தான்.

"ஆவ வேண்டியது ஞாயித்துக்கிழமையே ஆயிடுச்சு." வந்தவள் போனை மேசைமேல் தள்ளினாள். "இது உன் கடதான?"

திரையில் ஜானட்டின் முகம். கீழே, 'சடையங்குப்பம் கிளை. இருபது நிமிடத்தில் உங்கள் வாசலில்.' ஜானட்டுக்குச் சடையங்குப்பத்தில் கிளை கிடையாது. எங்குமே கிடையாது. இரண்டு பெட்டி, ஒரு வண்டி, அதை ஓட்டும் கணவன் ஜெரால்ட். அவ்வளவுதான் கடை.

பெண்ணின் பெயர் மலர். அப்பா ஞாயிறு காலை இறந்ததும் போனில் தேடியிருக்கிறாள். முதலில் வந்தது ஜானட்டின் பக்கம். பெட்டிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்ற பக்கத்து வீட்டுக்காரரிடம், வேண்டாம், நம்ம ஊரிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஜானட்டின் நம்பர் ஒரு மணி நேரம் பிஸி. தம்பி அந்த முகவரிக்கு ஓடினான். அங்கே முள்ளுச்செடியும் தேங்கிய தண்ணீரும்தான் இருந்தன.

"அப்புறம் ஒரு ஆளு போன எடுத்து, பெட்டி காலி இல்ல, மூணு மணி நேரம் ஆவும்னாரு. வேற எடத்துல கேட்டா எல்லாம் வெளிய போயிருச்சுன்றான். எங்கக்கா குவைத்துலேர்ந்து வந்துகினு இருந்துச்சு. ராத்திரி எட்டு மணிக்கு ஃபிளைட்டு. அதுக்குள்ள நாத்தம் வந்துருச்சு. நாலு மணிக்கே எடுத்துட்டோம். எங்கக்கா அப்பா மொகத்தப் பாக்கல."

ஞாயிறன்று சாப்பிடும்போது ஜெரால்ட் சொன்னது ஜானட்டுக்கு நினைவு வந்தது. சடையங்குப்பத்திலிருந்து போன், நேரமாகும் என்றதும் வைத்துவிட்டார்கள் என்று. இவள் குழம்பை ஊற்றிக்கொண்டே தலையாட்டியிருந்தாள்.

மலர் திரையைத் தள்ளிக் காட்டினாள். ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு பாராட்டு: 'எங்கள் அப்பா இறந்தபோது பதினைந்து நிமிடத்தில் வந்தார்கள். சடையங்குப்பம் மக்களுக்குத் தெய்வம் போல.'

"இத்தப் படிச்சிட்டுதான் நம்புனேன். யாரு இவன்?"

ஜானட் அதை இரண்டு முறை படித்தாள். "அப்டி ஒருத்தன் இருக்கானான்னே தெர்லம்மா. ஆனா இத்த எழுதுனவன் யாருன்னு தெரியும். வா எங்கூட."

மூன்று மாதம் முன்பு, அவளுடைய வெப்சைட் தேடலில் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. தண்டையார்பேட்டையில் ஆபீஸ் வைத்திருந்த நிலவன், முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றான். கொண்டும் வந்தான். எண்ணூர், திருவொற்றியூர் என்று போன் ஓயவில்லை. ஜானட் அவனுக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தாள்.

இப்போது மலரோடு அவன் மேசைமுன் போய் நின்றாள். "எனக்கு எத்தினி கிளடா கீது?"

நிலவன் சிரித்தான். "பதினாலு. அதெல்லாம் ஊர் பேருக்கு ஒரு பக்கம் அக்கா. அப்பதான் அந்தந்த ஊர்க்காரன் தேடுனா நீங்க மேல வருவீங்க. எல்லாரும் பண்றதுதான்."

"அந்தப் பாராட்டு?"

"அதுவும் பண்றதுதான்."

"இந்தப் பொண்ணு அத்த நம்பி அப்பனப் பொணமா போட்டுகினு ஒக்காந்திருந்துச்சுடா! இருபது நிமிசம்னு எழுத உனக்கு எவன் சொன்னான்? நீ வண்டி ஓட்டுவியா? மழத் தண்ணியில பெட்டியத் தலையில தூக்கிகினு போவியா?"

ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலவன் முகம் இறுகியது. "எப்டி மேல வந்துச்சுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? போன் வருது போன் வருதுன்னு சந்தோசமாதான இருந்தீங்க?"

அவன் சட்டையைப் பிடிக்க நீண்ட ஜானட்டின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. மலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, கேக்கல," என்றாள் ஜானட். "அது என் தப்பு. இப்பக் கேக்கறேன். அழி. ஒண்ணொண்ணா, எங்கண்ணு முன்னாடி."

"ரேங்க் போயிடும்."

"போவட்டும்."

மாதவரம், புழல், மணலி. ஒவ்வொரு பெயராக அவள் வாய்விட்டுப் படிக்கப் படிக்க அவன் அழித்தான். பாராட்டுகளும் போயின. மீந்த ஒரே பக்கத்தில் அவள் சொல்லி எழுதவைத்தாள்: 'எங்களிடம் இரண்டு பெட்டிகள், ஒரு வண்டி. போன் செய்து நேரம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டி காலி இல்லை என்றால், இருக்கும் இடத்தின் நம்பர் தருவோம்.'

மலர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

பத்தே நாளில் ஜானட்டின் வெப்சைட் தேடலில் நான்காவது பக்கத்துக்குச் சரிந்தது. முதல் இடத்தில் அவள் கேள்விப்படாத ஒரு கம்பெனி இருந்தது. 'சடையங்குப்பம் கிளை. பதினைந்து நிமிடத்தில்.'

"வுடு ஜானட், ஊரே இப்டிதான்," என்றான் ஜெரால்ட்.

அவள் மலருக்குப் போன் போட்டாள். நெடுநேரம் அடித்தபின் எடுத்தவளிடம் அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொன்னாள்.

"அட்ரஸப் படி," என்றாள் மலர். படித்ததும், "அது எங்க தெருமொன பஞ்சர் கட. நான் போட்டோ எடுத்து அனுப்பறேன், நீ புகார் போடு. உம்மேல இருக்கற கோவம் போவல. போவவும் போவாது. ஆனா இவன வுடக்கூடாது."

"வுட மாட்டேன்."

அந்த வாரம் அதுபோன்ற ஆறு பொய் முகவரிகள்மேல் படத்தோடு தேடல் தளத்துக்குப் புகார் போனது. இரண்டு நீக்கப்பட்டன. நான்கு அப்படியே நின்றன. அவற்றில் ஒன்றை மறுபடி படம் எடுக்க, ஜானட் மணலிக்குப் பஸ் ஏறினாள்.