நான்காம் வீட்டின் அழைப்பு மணி

“பாதிதான் இருக்கு. வெளிய ஒட்டற சுவிட்ச் இருக்கு, உள்ள மாட்டற மணியக் காணோம்.”

“போன வாரம் வாங்கினதும் இப்படித்தானே காணாமப் போச்சு?”

“அது முழுசாக் காணாமப் போச்சு. இது பாதிதான். முன்னேற்றம்னு வச்சுக்க.” என் கணவர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். “இந்த வீட்ல எலி இருக்கா என்ன? பூனைக்குக் கட்ட எடுத்துட்டுப் போயிருக்குமோ?”

நான் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. இரண்டு மணிகளும் என் துணிப்பெட்டிக்குள், கம்பளிக்கு அடியில் இருந்தன.

“கடைக்காரன் போட மறந்திருப்பான். நாளைக்குப் போய்க் கேக்கறேன்” என்றவர், சுவிட்சை மட்டும் வாசல் நிலையில் ஒட்டிவிட்டு வந்தார். அவர் எலக்ட்ரீஷியன். எந்த வேலையையும் தொட்டுவிட்டு முடிக்காமல் விட அவரால் முடியாது.

எங்கள் பிழைப்பு இப்படித்தான் நடக்கிறது. இடிந்து விழுகிற நிலையில் இருக்கும் வீடாகப் பார்த்து மலிவாக வாங்குவோம். அதிலேயே குடியேறி, அவர் வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் ஒயர் இழுப்பார், பூசுவார், குழாய் மாற்றுவார். நான் சுரண்டுவேன், சாயம் அடிப்பேன். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அழைப்பு மணி. அது மாட்டியாகிவிட்டால் வீடு முடிந்தது என்று அர்த்தம். மறு வாரமே குடித்தனம் வந்துவிடும். அந்த வாடகையைக் காட்டி அடுத்த வீட்டுக்குக் கடன் வாங்கி, நாங்கள் அடுத்த தூசிக்குள் போய்விடுவோம். ஒன்பது வருடத்தில் மூன்று வீடுகள். இது நான்காவது.

சமையல் மேடை கட்டும்போது என்னை நிற்க வைத்துத்தான் அளவெடுப்பார். “முழங்கையை மடக்கு. அவ்வளவுதான், அசையாத.” இந்த ஊரின் மூன்று தெருக்களில், என் முழங்கை உயரத்துக்குக் கட்டிய மேடைகளில் முகம் தெரியாத பெண்கள் சமைக்கிறார்கள். இரண்டாவது வீட்டுக்கு வந்த நெட்டைப் பெண் முதுகு வலிக்கிறது என்று சொன்னாளாம். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவரைக் குறை சொல்ல மனம் வராது. ஓய்வு பெற்ற மறுநாளே கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், மாமனார் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் தெருவில் உட்கார்ந்திருந்தார். அதைப் பன்னிரண்டு வயதில் பார்த்தவர் இவர். “வயசான காலத்துல நம்மள எவனும் எழுந்திருன்னு சொல்லக் கூடாது” என்பார். முதலில் மூன்று வீடு போதும் என்றார். பிறகு ஐந்து. இப்போது எட்டு. ஐந்தாவதையும் பார்த்து வைத்துவிட்டார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது, கூரையில் வானம் தெரிகிறது. இந்த வீட்டின் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் வங்கியில் பணம் தருவார்கள்.

ஆனால் இந்த நான்காவது வீட்டில் கிழக்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. காலை வெயில் அதன் வழியாக வந்து, மேடைமேல் கால் நீட்டி உட்காரும். முதல் மணியை ஒளித்தது அதனால்தான்.

இரண்டாவது, ஒயர் இல்லாத மணி. அவர் வேலைக்குப் போயிருந்தபோது பெட்டியைப் பிரித்து, கடிகாரத்திலிருந்த செல்களைக் கழற்றி மணிக்குள் போட்டு, ஒரே ஒரு தடவை அழுத்தினேன். நம் வீட்டு மணி எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. குருவி கத்துவது போல் இருந்தது. யாரோ என்னைப் பார்க்க வந்திருப்பது போலவும் இருந்தது. கதவைத் திறக்கக்கூட எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகைக்குக் கேட்டிருந்த ஒரு நர்ஸம்மா வீடு பார்க்க வந்தாள். மேடையைத் தடவினாள், ஜன்னலைத் திறந்து மூடினாள்.

“நல்லா இருக்குக்கா. நீங்களே இருந்துக்கலாம் போல இருக்கு!”

“நாங்க சமையல்காரங்க மாதிரிம்மா. ஆக்கி ஆக்கிப் பரிமாறுவோம், சாப்பிட மாட்டோம்” என்று இவர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

“மணி இருக்கா சார்? நைட் டியூட்டி முடிஞ்சு தூங்கினா, கதவத் தட்டினாக்கூட எனக்குக் கேக்காது.”

“சுவிட்ச் போட்டாச்சு. மணி நாளைக்கு வந்துடும்.”

அவள் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, சும்மா ஒரு விரலால் சுவிட்சை அழுத்திப் பார்த்தாள்.

என் துணிப்பெட்டிக்குள் குருவி கத்தியது.

செல்களைக் கழற்ற மறந்திருந்தேன். எலக்ட்ரீஷியனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருடம் ஆகியும் எனக்கு இந்தப் புத்தி. அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நர்ஸம்மா இன்னொரு தடவை அழுத்தினாள். குருவி மறுபடியும், கம்பளிக்கு அடியிலிருந்து, மூச்சுமுட்டக் கத்தியது.

“வேலை செய்யுதே சார்! நாளைக்குச் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டுடறேன்” என்று சொல்லிப் படியிறங்கினாள்.

அவர் பெட்டியைத் திறந்தார். அவர் என்றைக்கும் என் பெட்டியைத் திறந்ததில்லை. இரண்டு மணிகளையும் எடுத்து மேடைமேல் வெயிலில் வைத்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“எலிய நான் ஒழுங்காக் கவனிக்கல போல” என்றார். “சொல்லியிருக்கலாமேம்மா.”

“எட்டு வீடுன்னு நீங்க சொல்லும்போது உங்க முகத்தைப் பார்த்தா சொல்ல வரலைங்க.”

அவர் திருப்புளியைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவர் போல நின்றார்.

நான் மணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“மாட்ட வேணாம்னு சொல்லல. மாட்டுங்க. இந்த ஒரு மணிய மட்டும் நமக்குன்னு மாட்டுறீங்களா?”