சூலத்துக்குத் தயிரும் வெல்லமும்

எழுபத்து நாலாம் வருஷம் கோடையில், ஜாம்பியாவில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறை கட்டிக் கொடுத்து, கணக்கும் சொல்லித்தர டொரான்டோ பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேர் கிளம்பினோம். மற்றவர்களுக்கு மலேரியா பயம், பாம்பு பயம். எனக்கு என் மன்னி அம்புஜத்தின் பஞ்சாங்கத்தைக் கண்டால்தான் பயம்.

விமானம் சனிக்கிழமை சாயங்காலம். மன்னி பக்கத்தைப் புரட்டினாள். "சனிக்கிழமை கிழக்கே சூலம். அந்தத் திக்கிலே பிரயாணமே கூடாது."

"ஆப்பிரிக்கா மேற்கேன்னா இருக்கு?" என்றான் அண்ணா. அவன் மனசு இன்னும் மெட்ராஸை விட்டு வரவில்லை. நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டொரான்டோவிலிருந்து கிழக்குதான் என்று உலக உருண்டையைச் சுற்றிக் காட்டித் தொலைத்தேன்.

அண்ணாதான் பரஸ்தானம் என்று வழி சொன்னான். பிரயாணியின் சாமான் ஒன்றை முதல் நாளே நல்ல நேரத்தில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. ஒரு துண்டை வைத்தால் போதும். மன்னியோ, நான் சாக்பீஸ் வாங்கப் போன நேரம் பார்த்து என் பாஸ்போர்ட்டை மஞ்சள் துணியில் முடிந்து, ரெக்ஸ்டேலில் அகிலாண்டேஸ்வரி மாமி வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஏர்போர்ட் போற வழிதானே, எடுத்துண்டா போச்சு" என்றாள்.

மறுநாள் மாமி வீட்டுக்குப் போனோம். பாஸ்போர்ட் பூஜை அலமாரியில், சாவி மாமி இடுப்பில். மாமி கையில் அவளுடைய பஞ்சாங்கம்.

"மெட்ராஸ்லே இப்போ ஞாயித்துக்கிழமை பொறந்தாச்சு. பஞ்சாங்கம் அந்த ஊர்துன்னா நாளும் அந்த ஊர்துதான். கிழக்கே தாராளமாப் போகலாம்."

மாமி காலில் விழலாமா என்றிருந்தது.

"ஆனா ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம். இங்கேருந்து ஏர்போர்ட் மேற்கேன்னா இருக்கு!"

"விடியறதுக்கு முன்னாடி அது என்ன ஞாயித்துக்கிழமை?" என்று மன்னி சண்டைக்குப் போனாள். அண்ணா வாசலில் காரை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். இவள் கணக்கில் வானத்தில் கிழக்கே போகக்கூடாது. அவள் கணக்கில் ரோட்டில் மேற்கே போகக்கூடாது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அங்கே குழந்தைகள் மரத்தடியிலே உட்கார்ந்து படிக்கறதுகள். நான் இல்லாமே பிளேன் போயிடும், மாமி!"

அழுதுகொண்டே மாமியின் பஞ்சாங்கத்தைப் பிடுங்கினேன். அதே பக்கத்தின் அடியில் பரிகாரம் போட்டிருந்தது: சனிக்குத் தயிர், ஞாயிறுக்கு வெல்லம்.

"ரெண்டையும் கொண்டாங்கோ!"

மாமி அசந்துபோய், ஊரிலிருந்து வரவழைத்துப் பொத்திப் பொத்தி வைத்திருந்த வெல்லத்தை உடைத்துத் தயிரில் போட்டுக் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தேன். இரண்டு கிழமையும் என் வயிற்றுக்குள் சமாதானமாயின. அலமாரி திறந்தது.

காரில் மன்னியைக் கேட்டேன். "பரிகாரம் உங்க பஞ்சாங்கத்திலேயும் இருந்திருக்குமே. நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"பின்னே?"

மன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரு கரண்டித் தயிரைக் கொடுத்து உன்னை அனுப்பிச்சுட்டு, அந்தப் பதினாறாம் மாடியிலே பகலெல்லாம் நான் யாரோட பேசறது, வசு?"

இரண்டு நாளாக அவள்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏர்போர்ட்டில் கடைசி அழைப்பு வந்துவிட்டது. "எப்போ திரும்பி வரே?" என்றாள்.

"ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாமியிடம் எப்போது கேட்டு வாங்கினாளோ, ஒரு வெல்லக்கட்டியை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"வெள்ளிக்கிழமையும் மேற்கே சூலம். இதை வாயிலே போட்டுண்டு நேரே ஆத்துக்கு வந்துடு. பரஸ்தானம் கிரஸ்தானம்னு ஒரு நாள்கூடத் தாமதிக்காதே."