மாஸ்டர் நாற்காலி

பொறாமை இல்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். ஃப்ளோரா வந்த நாளிலிருந்தே எனக்கு வயிறு எரிந்தது.

ராயபுரத்தில் எங்கள் எசென்ஸ் கம்பெனியில் பதினாலு வருஷமாக என் மூக்குதான் ராஜா. பழத்தோலில் எடுத்த எண்ணெயைக் காகிதத்தில் தொட்டு நீட்டினால் போதும், எலுமிச்சையா நாரத்தையா என்று சொல்லிவிடுவேன். "சௌக்கத் அலி பாய் மோந்தாரா?" என்று கேட்டுத்தான் சோடாக்காரர்கள் சரக்கு எடுப்பார்கள். ஜன்னலோரம் மாஸ்டர் நாற்காலி, அதில் நான். அப்படி இருக்கும்போதுதான் ஹார்பர் குமாஸ்தாவின் மகள் ஃப்ளோரா, காலேஜில் ரசாயனம் படித்தவள், கண்ணாடிக் குழாய்களோடு வந்து சேர்ந்தாள். எலுமிச்சை வாசனைக்குக் காரணம் அதன் எண்ணெயில் இருக்கிற சிட்ரால் என்ற பொருளாம். கமலா ஆரஞ்சில் அது துளிதானாம். முதலாளி லோகநாதன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அட, இத்தனை வருஷமாக நான் சொன்னதுதானே, பேர்தான் புதுசு!

"பாய், நாற்காலி ஒண்ணுதான் கீது" என்றார் முதலாளி ஒருநாள். "வெள்ளிக்கெழம அஞ்சு காயிதம் வெக்கறேன். கொயாய் கியாய் வாணாம், மூக்கு மட்டும். கரீட்டா சொல்றவங்க குந்தட்டும்."

அவளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமென்று, ஜும்மா தொழுகை முடிந்ததும் ஓடினேன். அவளோ எனக்கு முன்பே வந்து மேஜையருகே நின்றாள்.

முதல் காகிதத்தை மோந்தேன். என்னவோ ஒரு இனிப்பு. இரண்டாவதிலும் அதே இனிப்பு. எது எலுமிச்சை, எது சாத்துக்குடி என்றே பிரியவில்லை.

"இன்னாத்த கலந்த நீ? ஒயுங்கா சொல்லு!" என்று அவளிடம் கத்தினேன்.

அவள் கிட்டே வந்து மெல்லச் சொன்னாள்: "பாய், காதுல அத்தர் பஞ்சு கீது. எடுத்துட்டு, மூஞ்சி கய்விக்கினு வாங்க."

தொழுகைக்கு வைத்த ரோஜா அத்தர்! வெள்ளிதோறும் வாசலிலேயே அதை எறிந்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உள்ளே நுழைவேன். அன்று அவள் மேலிருந்த கடுப்பில் மறந்துவிட்டேன். அவள் பேசாமல் இருந்திருந்தால் நாற்காலி அவளுக்கு. அதை நினைக்க நினைக்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கழுவிவிட்டு வந்து மோந்தேன். ஐந்தும் சரி. அவளும் ஐந்தையும் சரியாகச் சொன்னாள். "பாய் சீனியர்" என்று முதலாளி என்னையே உட்காரவைத்தார். அவள் சிரித்துக்கொண்டே கைதட்டினாள்.

சாயங்காலம் மனசு கேட்காமல் அவளைக் கூப்பிட்டேன். "தொப்பிய காது வரிக்கும் இஸ்து வுட்டிருந்தேனே. பஞ்சு உனுக்கு எப்டி தெரிஞ்சிச்சி?"

"நான் பாக்கல பாய். நீங்க கேட்டாண்ட வர்றப்பவே ரோஜா வாசன வந்துச்சி. வெள்ளிக்கெழம காதுலேந்து எடுத்து எறிவீங்களே, இன்னிக்கி மறந்துட்டீங்கன்னு புரிஞ்சிச்சி."

கேட்டுக்கும் மேஜைக்கும் நடுவே ஆறு தொட்டி நிறைய நாரத்தைத் தோல். அத்தனையும் தாண்டி அவளுக்கு வந்திருக்கிறது. என் காதிலேயே இருந்ததை ரோஜா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நியாயமாக அப்போதே எழுந்து அவளை உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்காலியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.