ஏழரை பஸ்

ஒரு பஸ்ஸுக்கு எத்தினை தலைவர் வேணும், சொல்லுங்கோ பாப்பம்?

நான் பருத்தித்துறை ஆள். இப்ப கலஹாவில நளீர் நானாவின்ர இரும்புக் கடையில நிக்கிறன். கடைக்குப் பின்னால ஒரு அறை, தனிச் சீவியம். தோட்டத்துப் பிள்ளை சுகிர்தா கண்டியில புடவைக்கடை வேலை முடிஞ்சு வரேக்க, "அண்ணே, சாப்பிட்டீங்களா?" எண்டு கேப்பா. இஞ்ச அப்பிடிக் கேக்கிறது அவ மட்டும்தான்.

கண்டியில இருந்து வாற கடைசி பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டாங்கள். கடை பூட்டுமட்டும் நிக்காட்டி வேலை இல்லை எண்டிட்டார் அவவின்ர முதலாளி.

பஸ்ஸைத் திருப்பிக் கேக்க மூண்டு பேர் எங்கட கடையில கூடிச்சினம். தோட்டச் சங்கத் தலைவர் திருச்செல்வம், எதிர்ச் சங்கத்து மூக்காயி அக்கா, கடைக்காரர் பக்கம் நளீர் நானா. வியாழக்கிழமை ஒண்டாக் கண்டி டிப்போவுக்குப் போறது எண்டு முடிவு.

புதன்கிழமை பின்னேரம் நானா என்னைக் கூப்பிட்டார். "வாங்க தம்பி, சும்மா மொகத்தக் காட்டிட்டு வருவோம்."

டிப்போ வாங்கில குந்திக்கொண்டு திருச்செல்வம், வெள்ளைச் சட்டையோட.

"என்ன, இங்க ஈக்கிறீங்க?" எண்டார் நானா.

"மச்சான் வீட்டுக்கு வந்தேன்."

மச்சான் வீடு இருக்கிறது கம்பளையில, வேற ஊர்.

அப்ப அதிகாரியின்ர அறை திறந்தது. மூக்காயி அக்கா வெளிய வந்தா.

அதிகாரி எல்லாரையும் உள்ள எடுத்தார். அக்கா ஆறு மணி பஸ்ஸைத் தோட்டத்துக் கீழ் டிவிசனுக்குக் கேட்டிருந்தா. திருச்செல்வம் ஆறரைக்கு மேல் டிவிசனுக்கு எண்டார். நானா ஏழுக்கு, கடைத்தெருவோட போதும் எண்டார். இருக்கிறது ஒரு பஸ், ஒரு கடிதத்தோட வாங்கோ எண்டு அதிகாரி அனுப்பிப்போட்டார்.

நானாவின்ர வானிலதான் எல்லாரும் திரும்பினம்.

"மச்சான் சுகமா இருக்காரா?" எண்டா அக்கா.

"முந்திக்கிட்டு உள்ள போனது யாரு தலைவி?" எண்டார் திருச்செல்வம்.

பேராதனைச் சந்தியில சுகிர்தா, கடை பூட்ட முந்தியே கேட்டு வெளிக்கிட்டு வந்து, பஸ்ஸுக்கு நிண்டா. ஏத்தினம்.

"எனக்காக எல்லாரும் ஒண்ணா போனீங்களா?"

"ஆமா புள்ள." மூண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விசயம் அது.

"எத்தன மணிக்குக் கேட்டீங்க? கடை பூட்டவே ஏழாயிருமே."



"அப்ப ஏழரைக்கு எடுத்தா?" எண்டார் நானா.

"ஏழரையா? வேற நேரமே கெடைக்கலியா ஒங்களுக்கு!" எண்டு அக்காதான் முதல் சிரிச்சா. பஸ் கலஹாச் சந்தியோட நிக்கட்டும், மேலயும் கீழயும் நடப்பம் எண்டு முடிஞ்சுது.

மற்ற நாள் காலமை மூண்டு பேரும் ஒரு கடிதத்தைக் குடுத்தினம். திங்கள்ல இருந்து பஸ் ஓடும் எண்டார் அதிகாரி.